குரல் நாணும் காட்டு ஓட்டமும்: உடல்திறனை எங்கே, எப்படி அளப்பது

தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போது எல்லோரும் ஒரு கணம் மூச்சை அடக்குகிறோம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு குரல் நாண்களும் நடுவில் வந்து சேர்ந்து கதவைச் சாத்திக்கொள்ள, நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று முதுகுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. ஒரு பக்க நாண் செயலிழந்தவருக்கு அந்தக் கதவு முழுக்கச் சாத்தாது. தைராய்டு அறுவை சிகிச்சையின்போது நரம்பு பாதிக்கப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வாளி தரையை விட்டு எழும் நேரத்தில் காற்று கசிந்துவிடும். அதனால் இவர்கள் "குரல் கம்மிடுச்சு" என்பதோடு நிறுத்துவதில்லை. "டேங்கர் தண்ணி வர்ற அன்னிக்கு ரெண்டு குடம் தூக்கறதுக்குள்ள மூச்சு போயிடுது, பேசிக்கிட்டே நடக்க முடியல" என்றும் பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கத்து அம்மாக்கள் சொல்வார்கள். காது-மூக்கு-தொண்டைக்கான இஎன்டி பிரிவில் குரலை மட்டும் அளக்கிறார்கள், பிசியோ பிரிவில் காலை மட்டும் அளக்கிறார்கள். அந்த அம்மாவின் புகார் இரண்டு ஃபைலிலும் ஏறாமல் போகிறது.

அறுவை சிகிச்சை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எதை அளப்பது என்று தெரியும். ஒரு பக்கச் செயலிழப்பில், அசையாத நாணை நடுக்கோட்டுக்குத் தள்ளி வைப்பார்கள். ஹயலூரானிக் அமிலம் போன்ற பொருளை ஊசியால் செலுத்துவது ஒரு வழி. அது சில மாதங்களில் கரைந்துவிடும். நிலையான வழி, ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1974-இல் விவரித்த தைரோபிளாஸ்டி: தைராய்டு குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, சிலிகான் துண்டு போன்ற ஒன்றை வைத்து நாணை உள்ளே நகர்த்துவது. இரண்டு பக்கமும் செயலிழந்தால் கதை தலைகீழ். நாண்கள் நடுவிலேயே நின்றுவிடுவதால் குரல் ஓரளவு தெளிவாக இருக்கும், மூச்சு வழிதான் குறுகிப்போகும். லேசரால் நாணின் பின்பகுதியை வெட்டி வழி விட்டால் மூச்சு தேறும், குரல் தேயும். முதலாமவருக்குக் கசிவு, இரண்டாமவருக்கு அடைப்பு. இருவரையும் ஒரே சோதனையில் நிறுத்திவிட்டு எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

கசிவைப் பிடிக்க மிக எளிய சோதனை, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் "ஆ" சொல்ல முடிகிறது என்பது. நன்றாக மூச்சிழுத்து, பேசும் சத்தத்திலேயே, மூன்று தடவை. அதில் நீளமானதை எழுதிக்கொள்ள வேண்டும். 10 விநாடிக்குக் கீழே போனால் நாண்கள் சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். இதன் அடுத்த படி எஸ், இசட் விகிதம். பாம்பு சீறுவதுபோல "ஸ்ஸ்ஸ்" எவ்வளவு நேரம், வண்டு ரீங்காரம்போல "ஸ்" உடன் குரல் சேர்த்து எவ்வளவு நேரம் என்று எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பது. நாண் ஒழுங்காக மூடினால் இரண்டும் ஏறக்குறைய சமம். 1.4-ஐத் தாண்டினால் நாண் மட்டத்தில் காற்று வீணாகிறது.

தமிழ் பேசுபவர்களிடம் இந்தச் சோதனை அடிக்கடி ஏமாற்றும். இசட் ஒலி நம் வாயில் இயல்பாக வராது. பலர் இரண்டு தடவையும் வெறும் "ஸ்ஸ்ஸ்" தான் சொல்கிறார்கள். அப்போது விகிதம் 1.0 என்று அழகாக வரும், கசிவு மறைந்துவிடும். இதற்கு வழி ஒன்றே: நோயாளியின் விரலை அவருடைய தொண்டைமேல் வைக்கச் சொல்லி, இரண்டாவது ஒலியில் அதிர்வு இருக்கிறதா என்று அவரையே உணரவைப்பது. அதிர்வு வரவில்லையென்றால் அந்த எண்ணை எழுதவே கூடாது. நான்கைந்து முறை பழகியும் வராதவருக்கு "ஆ" போதும்.

இருமல் இன்னும் நேரடியான சாட்சி. ஊதும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் வாய்க்குழாய்க்குப் பதில் முகக்கவசத்தைப் பொருத்தி, மூக்கும் வாயும் சேர்த்து இறுக்கி, நேராக உட்காரவைத்து இருமச் சொல்ல வேண்டும். ஊசியை ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் போன இருமலின் எண்ணையே திரும்ப எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. நரம்பு, தசை நோயாளிகளிடம் நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே சளி வெளியேறாது, 270-க்குக் கீழே சளிக்காய்ச்சல் வந்தால் ஆபத்து என்ற எல்லைகள் புழக்கத்தில் உள்ளன. குரல் நாண் விஷயத்தில் அதைவிடப் பயன் தருவது ஓர் ஒப்பீடு. அதே மீட்டரில், அதே கவசத்தோடு, இருமாமல் வேகமாக ஊதும் எண்ணையும் எடுங்கள். ஊதுவதற்கு நாண் மூடத் தேவையில்லை, இருமுவதற்குத் தேவை. ஆரோக்கியமானவருக்கு இருமல் எண் வழக்கமாகக் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றாகவோ, இருமல் குறைவாகவோ வந்தால், அவர் இருமவில்லை, ஊதத்தான் செய்கிறார். கவசத்தின் ஓரம் கசிந்தாலும் எண் இறங்கும் என்பதால், தாடியுள்ளவர்களிடம் கவசத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பது நல்லது.

அடைப்பு உள்ளவருக்கு, மூச்சுக் காற்றின் அளவையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஸ்பைரோமீட்டர் முதலில் வருகிறது. முதல் விநாடியில் ஊதிய காற்றை மில்லிலிட்டரிலும், உச்ச வேகத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்து வகுத்தால் 10-க்கு மேல் வருமானால் மேல் மூச்சு வழியில் அடைப்பு இருக்கலாம். 2,400-ஐ 200-ஆல் வகுத்தால் 12. தொண்டையைப் பார்த்தாக வேண்டும். அது வரையும் காற்று வேக வளைவுப் படத்தில் உள்ளிழுக்கும் பாதி தட்டையாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஊதுவதை மட்டும் எடுத்துவிட்டு உள்ளிழுப்பை விட்டுவிடுகிறார்கள். அந்த அறிக்கை ஆஸ்துமாவுக்கு உதவலாம், குரல்வளைக்கு உதவாது.

அடுத்தது 6 நிமிட நடைச் சோதனை. விதிப்படி 30 மீட்டர் நேரான காரிடார், இரு முனையிலும் கோன், 3 மீட்டருக்கு ஒரு குறி. பெங்களூரில் கன்வெர்ட் செய்த வீடுகளில் நடக்கும் கிளினிக்குகளில் 12 மீட்டர் கிடைத்தாலே பெரிது. காரிடார் குட்டையானால் திரும்பும் தடவை கூடும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் விழும். மொத்தத் தூரம் குறையும். 12 மீட்டரில் எடுக்கக் கூடாது என்பதில்லை. அறுவைக்கு முன் 12 மீட்டரில் எடுத்தால் பின்பும் அதே 12 மீட்டர்தான். ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணிக்கும் புத்தகச் சமன்பாட்டோடு மட்டும் ஒப்பிடக் கூடாது.

இதைக் கெடுப்பதில் முதலிடம் உற்சாகப்படுத்துபவருக்கு. "சூப்பர்க்கா, வேகமா வாங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று கூடவே நடந்தால் தூரம் கூடிவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரே தொனியில், எழுதி வைத்த வாக்கியம் மட்டும்: "நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அதைத் தமிழிலும் கன்னடத்திலும் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் யார் எடுத்தாலும் ஒன்றுபோல இருக்கும். அருகே நடக்கவும் கூடாது. உங்கள் வேகத்துக்கு அவர் நடப்பார். முதல் நாளிலேயே இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து, கூடுதலானதை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டாவது தடவை பழக்கத்தாலேயே தூரம் ஏறும். 30 மீட்டருக்குக் குறைவான முன்னேற்றத்தை வெற்றி என்று எழுதாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவரை நடக்கவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐயும் ரத்த அழுத்தம் 180/100-ஐயும் தாண்டினால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆக்சிஜன் அளவைப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. மேல் மூச்சு வழி அடைப்பில் விரலில் 97 காட்டிக்கொண்டே நோயாளி திணறுவார். மூச்சுத் திணறலை 0 முதல் 10 வரை அவரையே சொல்லச் சொல்லி முன்னும் பின்னும் எழுதுங்கள். உள்ளிழுக்கும்போது சத்தம் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். லேசர் சிகிச்சைக்குப் பின் தூரம் மாறாமல், அந்தச் சத்தம் 2-வது நிமிடத்திலிருந்து 5-வது நிமிடத்துக்குத் தள்ளிப்போனால் அதுவும் முன்னேற்றம்தான்.

கசிவு உள்ளவருக்கு நடையைவிட நாற்காலி நன்றாகப் பேசும். 43 முதல் 45 செ.மீ. உயரம், கைப்பிடி இல்லாதது, நகராமலிருக்கச் சுவரை ஒட்டி வைத்தது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம்? தசை நலிவுக்கான ஆசிய அளவுகோலில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் குறைந்த உடல்திறன். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் வளைந்து உயரம் இறங்கிவிடும். புடவைக் கொசுவம் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழும் நொடியில் மூச்சை அடக்குகிறாரா, காற்று "ஹா" என்று வெளியேறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதுதான் இங்கே கூடுதல் வேலை. கைப்பிடி வலிமையும் எடுக்கலாம் (ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ கீழெல்லை), ஆனால் குரல்வளைக்காக அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அறுவைக்குப் பிந்திய முதல் வாரத்தில் இவை எதுவும் வேண்டாம், வீக்கத்தைத்தான் அளந்ததாக ஆகும். அறுவை மருத்துவர் அனுமதித்த பின் ஒரு மாத அளவில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. ஊசி மட்டும் போட்டவருக்கு இன்னும் பின்னால் ஒன்று அவசியம், மருந்து கரைந்ததும் எண் பழையபடி இறங்குகிறதா என்று தெரிய வேண்டும்.

இப்போது காட்டுக்குப் போவோம். ஓரியண்டியரிங் என்பது மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் என்னும் குறிகளை வரிசையாகத் தேடி ஓடும் போட்டி. அந்த வீரரிடம் நுரையீரல், கால், குரல்வளை எல்லாம் நன்றாக இருந்தும் அவர் பின்தங்கலாம், ஏனென்றால் அவர் ஓடுவது கையில் மேப்போடு. கண்டீரவா மைதானத்தில் 12 நிமிடம் ஓடவிட்டு 2,600 மீட்டர் வந்தால், கூப்பர் சமன்பாட்டில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்க, ஆக்சிஜன் திறன் 46.8 (உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு இத்தனை மி.லி.) என்று வரும். நல்ல எண்தான். துரஹள்ளிக் காட்டின் பாறையிலும் புதரிலும் அதே வேகத்துக்கு அதைவிட அதிக ஆக்சிஜன் வேண்டும் என்பதை அது சொல்லாது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதையும், சென்னை வெயிலில் எடுத்த எண்ணோடு இதை வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓட்டத்தையும் வழி கண்டுபிடிப்பதையும் பிரித்து அளப்பதுதான் சூட்சுமம். ஒரு பாதையில் ஒரு நாள் ரிப்பன் கட்டி மேப் இல்லாமல் ஓடவிடுங்கள், அதே நீளமும் ஏற்றமும் உள்ள வேறு பாதையில் இன்னொரு நாள் மேப்போடு ஓடவிடுங்கள். நேர் தூரத்தோடு ஏற்றத்தைப் பத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டால் ஒப்பிட ஒரு பொது அலகு கிடைக்கும். 600 மீட்டர் லெக் (ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்தது வரையிலான துண்டு), 30 மீட்டர் ஏற்றம் என்றால் 900 மீட்டராகக் கணக்கு. அதை 7 நிமிடம் 30 விநாடியில் முடித்தால் கிலோமீட்டருக்கு 8:20. இந்த வேகம் இரு நாளும் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் மேப்புக்குக் கொடுக்கும் விலை. மேப்பின் அளவும் இதில் விளையாடும்: குறுந்தூரப் போட்டியான ஸ்பிரிண்டில் 1:4,000, அதாவது 1 செ.மீ. 40 மீட்டர், காட்டில் 1:10,000 என்றால் அதே 1 செ.மீ. 100 மீட்டர். கப்பன் பார்க்கில் ஸ்பிரிண்டுக்குப் பழகிய கண் காட்டில் பாதி தூரத்திலேயே கண்ட்ரோலைத் தேட ஆரம்பிக்கும்.

போட்டி முடிந்த பின், ஒவ்வொரு லெக்கின் நேரத்தையும் காட்டும் ஸ்பிளிட் தாளில் தவறை எண்ணாக்கலாம். ஒவ்வொரு லெக்கிலும் வீரரின் நேரத்தை அந்த லெக்கின் சிறந்த நேரத்தால் வகுத்து, நடு மதிப்பை எடுங்கள். அது 1.30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லெக்கில் சிறந்தவர் 3:00 எடுத்தால் இவருக்கு நியாயமான நேரம் 3:54. இவர் எடுத்தது 5:40 என்றால் தொலைத்தது 1 நிமிடம் 46 விநாடி. பத்து விநாடி வித்தியாசத்தையெல்லாம் தவறு என்று எண்ண வேண்டாம். பத்துப் பேர் மட்டுமே ஓடும் உள்ளூர்ப் போட்டியில் ஒருவரின் அதிர்ஷ்டம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் முதல் மூவரின் சராசரியை வைத்துக்கொள்வது நல்லது.

தொலைந்த நேரத்துக்குக் காரணம் இதயத் துடிப்பில் தெரியும். நேரம் கூடி, துடிப்பு இறங்கியிருந்தால் நின்று மேப்பைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். நேரம் கூடி, துடிப்பும் உச்சத்தில் இருந்தால் தவறான வழித் தேர்வு, அல்லது உடம்பு. இதற்கு மணிக்கட்டு வாட்ச் போதாது. மேப்பையும் கட்டைவிரல் காம்பஸையும் பிடித்து மடங்கிய மணிக்கட்டில் ஒளிச் சென்சார் நழுவிக்கொண்டே இருக்கும். மார்புப் பட்டையே வாங்குங்கள்.

உடம்பு என்று தெரிந்து, அதுவும் ஏற்றத்தின் உச்சியில் மட்டும் வேகம் செத்து, இறக்கத்தில் மீண்டால், திரும்பவும் குரல்வளைக்கே வருகிறோம். உச்ச முயற்சியில் குரல்வளை குறுகும் கோளாறு ஒன்று இளம் வீரர்களிடம் இருக்கிறது. பெங்களூரின் பார்த்தீனியம் மகரந்தத்தில் எல்லா இளைப்பும் ஆஸ்துமா என்றே இன்ஹேலரோடு முடிந்துவிடுகிறது. வித்தியாசம் கேட்டாலே தெரியும். இதில் சத்தம் உள்ளிழுக்கும்போது, ஓட்டத்தின் உச்சத்தில் வரும், நின்ற சில நிமிடங்களில் போய்விடும். ஆஸ்துமாவில் வெளிவிடும்போது, பெரும்பாலும் நின்ற பிறகுதான் மோசமாகும். நண்பர் ஒருவர் ஏற்றத்தின் உச்சியில் போனோடு நின்று மூச்சுச் சத்தத்தைப் பதிவு செய்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி. 6 நிமிட நடை இதைக் கிளப்பவே கிளப்பாது. உறுதி செய்ய மூக்கு வழியே மெல்லிய கேமராவை வைத்தபடி, ட்ரெட்மில்லில் தாங்க முடியாத அளவு வரை ஓடவிட வேண்டும். நார்வேயின் பெர்கன் குழு 2006-இல் வெளியிட்ட முறை இது. நாண்கள் குறுகுகின்றனவா, அவற்றுக்கு மேலுள்ள திசு உள்ளே சரிகிறதா என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். மூச்சுப் பயிற்சியா, மேல் திசுவைச் சீர்செய்யும் அறுவையா என்ற முடிவு அதில்தான் இருக்கிறது. மறுசோதனைக்குக் கூப்பிடும்போது அதே வேகம், அதே சரிவு, அதே நிறுத்தும் விதி என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரெட்மில்லை இரண்டு நிமிடம் முன்னதாக நிறுத்திவிட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அறிக்கை கொடுப்பது வெகு சுலபம்.