பழைய டீசல் காருக்கு எந்த ஆயில்? பல்லடத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ஆயில் மாற்றும் காலம் நெருங்கிவிட்டதால் இன்று காலை வண்டியைச் சமதளமான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தது. நிறம் கன்னங்கரேல் என்றிருந்தது. டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டினாலே கறுத்துவிடும். எரிப்பில் உண்டாகும் கரித்துகளை ஆயில் தன்னுள் வாங்கி மிதக்க வைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே நிறத்தைப் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது பெட்ரோல் வண்டிக்காரர்களின் பழக்கம்.

நிறத்தைவிட நம்பத்தக்க ஒரு சோதனை உண்டு. டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளில் விட்டு, சில மணி நேரம் ஊற விட வேண்டும். கறுப்பு நடுவிலிருந்து விளிம்புவரை சிறுகச் சிறுக வெளுத்துக்கொண்டே பரவினால், கரியைச் சுமக்கும் ஆற்றல் ஆயிலில் இன்னும் மிச்சமிருக்கிறது. நடுவில் கெட்டியான கறுப்பு வட்டம் கூர்மையான ஓரத்தோடு நின்றுவிட்டால் அந்த ஆற்றல் தீர்ந்தது என்று பொருள். வெளிப்புறத்தில் மஞ்சள் வளையம் அகலமாகப் படர்ந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறதா என்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். என் தாளில் நடு வட்டத்தின் ஓரம் கூர்மையாகத் தொடங்கியிருந்தது; மஞ்சள் வளையம் இல்லை. மாற்றிவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வண்டி 2010இல் பதிவான ஃபியட் புன்டோ, 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல். ஃபியட் பெயரில் இங்கே கார் விற்பதை அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டாலும், இதே குடும்பத்து எஞ்சின் மாருதி சுவிஃப்ட்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் லட்சக்கணக்கில் ஓடியதால் எஞ்சின் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. பாடி பாகங்களின் கதை வேறு; கதவுக் கைப்பிடி உடைந்தால் கோயம்புத்தூர் முழுவதும் அலைய வேண்டும்.

ஆயில் கடையில் இன்று ஒரு சிறு விவாதம் நடந்தது. நான் 5டபிள்யூ-40 கேட்டதும் கடைக்காரர், "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்கண்ணா, தண்ணியாட்ட இருக்கறது எதுக்குங்க?" என்றார். இந்தக் கருத்து கரூர் முதல் பொள்ளாச்சி வரை எல்லாக் கடைகளிலும் கேட்பதுதான், அதனால் இதை விரிவாகவே எழுதி வைக்கிறேன். வெளியே வெயில் 40 டிகிரி அடித்தாலும், ஊட்டியில் டிசம்பர் விடியற்காலை உறைபனி பெய்தாலும், எஞ்சின் சூடேறிய பிறகு தெர்மோஸ்டாட் கூலன்ட்டை ஏறத்தாழ 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது; ஆயிலும் 100 டிகிரியை ஒட்டியே வேலை செய்கிறது. ஆயில் டப்பாவில் டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் அந்த 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிப்பது. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் வரையறைப்படி 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எனவே 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் சூட்டில் ஒரே வகுப்பு. டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிர்ந்த நிலையைப் பற்றியது. அது சிறியதாக இருப்பதால் சூடான எஞ்சினில் ஆயில் தண்ணீராகிவிடாது.

குளிர்ந்த நிலை என்றவுடன் பனிநாட்டுச் சமாச்சாரம் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இரவு முழுவதும் நின்ற எஞ்சினுக்குப் பல்லடத்துக் காலைப்பொழுதும் குளிர்தான். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் நகர்வது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் தண்டு, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் வேகத்தில், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமானால் தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. 20டபிள்யூ-50 அந்த நொடிகளை நீட்டிக்குமே தவிர, வெயிலிலிருந்து எதையும் காப்பாற்றாது. ஆயில் குடிக்கும் அளவுக்குத் தேய்ந்துபோன எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றி நாள் கடத்துவது தனிக் கணக்கு. என் வண்டி அந்த நிலைக்கு வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சங்ககிரியில் லாரித் தொழில் செய்யும் உறவினர் தொலைபேசியில், "ஏனுங்க மாமா, லாரிக்கு ஊத்தற சிஐ-4 ஆயிலே போதுமுங்க, பாதி விலைதானுங்க" என்றார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் அந்த 15டபிள்யூ-40 ஆயிலில்தான் உழைக்கின்றன. கரியைச் சுமப்பதில் அது கெட்டிக்கார ஆயில். டர்போ இல்லாத பழைய 1.4 லிட்டர் இண்டிகாவாக இருந்தால் நானும் யோசிக்காமல் அதைத்தான் ஊற்றுவேன். ஆனால் மல்டிஜெட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்னது 5டபிள்யூ-40, ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் தர வகுப்பில் பி4. எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் மூன்று லிட்டர் அளவே பிடிக்கும் சிறியது என்பதால் மொத்தச் செலவில் வித்தியாசமும் பெரிதில்லை.

கடையில் விலை கூடிய, அதே ஏ.சி.இ.ஏ. வரிசையின் சி3 ஆயிலும் இருந்தது. அது சாம்பல் குறைந்த ஆயில், பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிகளின் டீசல் துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க உண்டானது. என் வண்டியில் அந்த வடிகட்டியே இல்லை. முன்பெல்லாம் டீசலில் கந்தகம் அதிகம், எரிந்தபின் அமிலமாகி ஆயிலைக் கெடுக்கும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைந்துவிட்டதால் பழைய எஞ்சின்களுக்கும் அது ஒரு நன்மை. 5டபிள்யூ-40, ஏ3/பி4 என்று அச்சிட்ட டப்பாவையே வாங்கினேன். அந்த எழுத்துகள் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி என்பது எனக்கு இரண்டாம் பட்சம். மூடியின் சீல் உடையாமல் இருப்பது முதல் பட்சம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று மெக்கானிக் தம்பியின் பட்டறையில் மாற்றினோம். எஞ்சினைக் கொஞ்சம் சூடேற்றி வடித்தால்தான் கரி ஆயிலோடு சேர்ந்து இறங்கும். எஞ்சின் உட்புறத்தைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் ஊற்றலாமா என்று தம்பி கேட்டார், வேண்டாம் என்றேன். பதினைந்து ஆண்டு எஞ்சினில் எங்கெங்கோ ஒட்டிக் கிடக்கும் கசடை ஒரே மூச்சில் கரைத்து, அது ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் யார் பொறுப்பு?

இந்த எஞ்சினின் ஆயில் ஃபில்டர் தகர டப்பா அன்று. மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை மட்டும் மாற்ற வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் கூடவே மாற்றி, புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி மாட்டினோம். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஆயில் அழுத்த விளக்கு அணைந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்த்தோம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதை நான் குறைவாக ஊற்றுவதற்குச் சமமான கேடாகவே கருதுகிறேன். மிகுந்த ஆயில் காற்றுப் பாதைக்குள் இழுக்கப்பட்டால் டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

காலி டப்பாவின் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டேன், யாரும் போலி ஆயில் நிரப்பி விற்கக் கூடாது என்பதற்காக. பழைய ஆயிலை வேலிக்காலுக்குப் பூசக் கேட்டு ஒருவர் வந்தார். பூசினால் கரையான் அண்டாது என்பது ஊர் நம்பிக்கை. மழை பெய்தால் அது கிணற்றில்தான் போய்ச் சேரும். மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுக்கும்படி தம்பியிடமே விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆயில் கறுத்துவிட்டது. அளவு மேல்கோட்டில் அப்படியே நிற்கிறது, கசிவு இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கூலன்ட் அளவு சற்றுக் குறைந்திருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர்; அதை ரேடியேட்டரில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து சேர்த்தேன். பச்சையையும் சிவப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கலக்கக் கூடாது. வேதியியல் வேறாக இருந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும்.

மே 18, ஞாயிறு

குடும்பத்தோடு வால்பாறை போய் வந்தோம். புறப்படும் முன் பிரேக் ஃப்ளூயிட்டை மாற்றியிருந்தேன், ஏனெனில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இறக்கத்தின் சூட்டில் கொதித்து, மிதித்தால் பிரேக் பிடிக்காத நிலையைத் தரும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். ஏசி ஓடியும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. மேலே காட்சி முனையில் நிறுத்தியபோது உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விட்டேன். பின் இருக்கையிலிருந்த மாமியார், "நிறுத்துங்க மாப்பிள்ள, டீசல் எதுக்குங்க வீணா எரியோணும்?" என்றார். ஏற்றத்தில் பழுத்த டர்போவை அப்படியே அணைத்தால் தண்டைச் சுற்றி நிற்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும் என்று விளக்கினேன். இறங்கும்போதும் இரண்டாவது கியர், பிரேக்குக்கு அளவான வேலை.

ஜூன் 22, ஞாயிறு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் மடிப்புகளுக்கிடையே செம்மண் தூசு, அதன் மேல் விசைத்தறிப் பஞ்சு மெல்லிய கம்பளிபோல ஒட்டியிருந்தது. ஏசி கண்டன்சரின் முகத்திலும் அதே பஞ்சு. கண்டன்சரை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தேன். ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி மறுபடி மாட்டுவது இங்கே வழக்கம். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்தால் உள்ளே போகும் மண் எந்த விலை ஆயிலையும் அரைக்கும் பொடியாக்கிவிடும் என்பதால் புதிதாகவே மாற்றினேன். இந்த ஊர்த் தூசுக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கும் 7,500 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுதான் ஆயில் மாற்ற நான் வைத்திருக்கும் கெடு.

பதினைந்து ஆண்டுகள் முடிவதால் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. ஒரு பக்க இண்டிகேட்டர் பல்பை மாற்றிவிட்டு, அடுத்த வாரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஆய்வுக்குக் கொண்டுபோகிறேன்.