வாரத்துக்கு மூன்று வரி

எல்லாம் ஒருநாள் முடியும் என்ற நினைப்போடு நன்றியுணர்வைப் பழக, வாரம் ஒருநாள் நன்றியோடு நினைப்பவற்றை நோட்டில் 3 வரி எழுதினால் போதும். ‘குடும்பம், உடல்நலம்’ என்று எழுதினால் சீக்கிரமே சடங்காகிவிடும். ‘மழை விட்டதும் ஜன்னல் வழியே வந்த மண்வாசனை’ என்று குறிப்பாக எழுத வேண்டும். உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்விலும் ஒரு குழு வாரம் ஒருமுறைதான், 5 விஷயம் வரை, 10 வாரம் எழுதியது. தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட நிறைவாக உணர்ந்தது.

பிறகு ஒரு வரியை எடுத்து, ‘இதுவே கடைசித் தடவையானால்?’ என்று 2 நிமிடம் நினையுங்கள், மூச்சு வெளியே போவதைக் கவனித்தபடி. நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். அண்மையில் யாரையாவது இழந்தவர்களுக்கு இந்தப் பகுதி வேண்டாம். சாவு பற்றிய பயம் வந்தால் அதை விரட்டப் பார்க்காதீர்கள், இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

மனம் ஒரே இடத்தில் முட்டினால் அநேகமாக அது முடிக்காத வேலை: உயில், நாமினி, பாஸ்வேர்ட். பகலில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.