கிராங்க்ஷாஃப்ட் ஃபடீக் டெஸ்ட்: விரிசல் விழுந்ததா, கிளாம்ப் தளர்ந்ததா?

லாரி எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, ஒரே அடியில் முறிவதில்லை. சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் மயிரிழை வளைந்து நிமிர்கிறது. இப்படி வளைந்து வளைந்தே சோர்ந்து விரிசல் விடுவதுதான் ஃபடீக். அந்த வளைவின் பாரமெல்லாம் வந்து சேரும் இடம் ஃபில்லட், அதாவது கிராங்க் பின்னும் (கனெக்டிங் ராடு பிடிக்கும் உருளை) வெப்பும் (பின்னைத் தாங்கும் பக்கக் கை) கூடும் சின்ன மூலை. அதிலும் மெயின் ஜர்னலை (பேரிங்கில் சுழலும் நடு அச்சுப் பகுதியை) பார்த்த பக்கம்தான் அதிகம் இழுபடும். விரிசல் பெரும்பாலும் அங்கே தொடங்கி, வெப்பின் குறுக்கே ஓடும்.

இதைச் சோதிக்க முழு கிராங்க் வேண்டாம். ஒரு பின், இருபுறமும் வெப், வெளியே இரண்டு மெயின் ஜர்னல் என ஒரு த்ரோவை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். கேஸ் கட்டிங் கூடாது. சூட்டில் ஃபில்லட்டின் தன்மையே மாறிவிடும். ஜர்னல்களை இரண்டு கனத்த எஃகுக் கட்டைகளில் இறுக்கித் தொங்கவிட்டால், மொத்தமும் ஒரு இசைக்கவை போல ஆகிவிடும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி ஆட்டுவதால் சின்ன ஷேக்கரே (அதிரவைக்கும் கருவியே) பெரிய வளைவுத் திருப்பத்தை, அதாவது வளைக்கும் விசையின் அளவை, கொடுக்கும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் ரிக்கில் (சோதனை அமைப்பில்) 1 கோடி சுழற்சிக்கு ஏறக்குறைய 55½ மணி நேரம்.

பாதிச் சிக்கல் ஜர்னலைக் கட்டையோடு இறுக்கும் கிளாம்ப்பில்தான் இருக்கிறது. ஜர்னலில் எண்ணெய்ப் பசை இருந்தால் பிடி நழுவும். நழுவினால் உராய்ந்து, செம்பழுப்புப் பொடி கசியும், கடைசியில் கிளாம்ப் விளிம்பிலேயே விரிசல் விழும். அந்த ரிசல்ட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சால்வென்ட்டில் துடைத்து, டார்க் ரெஞ்சால் போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள்.

ஓட்டும் முன் ஃபில்லட்டில் ஸ்ட்ரெய்ன் கேஜ், அதாவது உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் மெல்லிய பட்டை, ஒட்ட வேண்டும். கேஜின் நீளம் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருக்கட்டும். ஃபில்லட்டில் தகைவு (உள்ளே எழும் அழுத்தம்) இடத்துக்கு இடம் சட்டென்று ஏறி இறங்கும். நீளமான கேஜ் அதைச் சராசரியாக்கிக் குறைத்துக் காட்டும். தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, எத்தனை நியூட்டன் மீட்டருக்கு எவ்வளவு ஸ்ட்ரெய்ன் என்று முதலில் நிலையாக அளந்துகொள்ளுங்கள்.

விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும். கிளாம்ப் தளர்ந்தாலும் இறங்கும்! ஆரம்பத்திலேயே திடீரென்று இறங்கினால் முதலில் போல்ட்டைப் பாருங்கள். விரிசலால் வரும் இறக்கம் மெல்லத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும்.

ஃபில்லட் ரோலிங் செய்த, அதாவது ஃபில்லட்டை ரோலரால் அழுத்தி உருட்டிய, கிராங்க்கில் இன்னொரு கண்ணி உண்டு. ரோலர் அழுத்தியதால் மேற்பரப்பில் அமுக்கத் தகைவு தங்கியிருக்கும். அதனால் சின்ன விரிசல் விழுந்த பிறகும் வளராமல் அங்கேயே நின்றுவிடலாம். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைத் தோல்வி என்பதா, குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் இறங்கினால்தான் தோல்வி என்பதா? இரண்டுக்கும் கிடைக்கும் வரம்பு, அதாவது பீஸ் தோற்காமல் தாங்கும் உச்ச லோடு, வேறு வேறு. எது என்பதை முதல் பீஸ் ஏறும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பாதியில் மாற்றினால் பழைய பீஸ்களோடு ஒப்பிடவே முடியாது.

வரம்பைக் கண்டுபிடிக்க ஸ்டேர்கேஸ் முறை நல்லது. ஒரு பீஸ் 1 கோடி சுழற்சியைத் தாண்டினால் அடுத்த பீஸுக்கு லோடை ஒரு படி ஏற்று, அதற்குள் தோற்றால் ஒரு படி இறக்கு. 15 பீஸாவது இருந்தால்தான் சராசரியை நம்பலாம்; சிதறலைச் சொல்ல இன்னும் வேண்டும். தாண்டிய பீஸைத் திரும்ப மேல்படியில் ஏற்றாதீர்கள். குறைந்த லோடில் ஓடி ஓடி எஃகு பழகிப்போய், புதுப் பீஸைவிட அதிகம் தாங்குவதாகக் காட்டிவிடக்கூடும்.

முடிந்ததும் காந்தத்துகள் சோதனை (காந்தமாக்கி இரும்புத் தூளால் விரிசலைக் காட்டுவது), பிறகு திரவ நைட்ரஜனில் குளிரவைத்து உடைத்துத் திறப்பு. முறிமுகத்தில் கடற்கரை அலைக்கோடுகள் போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே லோடில் சீராக ஓடிய பீஸில் அவை பொதுவாக விழாது. நடுவில் ரிக் நின்றிருக்கலாம், லோடு மாறியிருக்கலாம். இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்தூண்டலால் சூடாக்கி மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) செய்த பீஸில் விரிசல் மேற்பரப்பில் தொடங்காமல், கடினத் தோல் முடியும் ஆழத்தில் தொடங்கியிருந்தால் தோலின் ஆழத்தை வெட்டி அளந்து பாருங்கள். ஒரே லாட்டில் ஒன்றிரண்டு பீஸ் மட்டும் தாழ்ந்த லோடிலேயே தோற்றால், அவற்றை ரோலிங்குக்குப் பிறகு பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினார்களா என்று கேளுங்கள். நிமிர்த்தும்போது ரோலர் கொடுத்த அமுக்கத் தகைவு குறைந்துவிடக்கூடும்.