சான்றுக்கும் முடிபுக்கும் இடையே

சென்னையில் தமிழிலும் சமூக அறிவியல் துறைகளிலும் முனைவர் பட்டத்திற்காக எழுதப்படும் ஆய்வேடுகளின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. அவற்றின் முன்னுரை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: ஆய்வின் நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், முன்னாய்வுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு. இவை அனைத்தும் வேண்டிய தலைப்புகளே. ஆயினும் இச்சொற்கள் ஒவ்வொன்றும் எழுதுபவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றன என்ற உணர்வின்றி, நிரப்பியாக வேண்டிய கட்டங்களாகவே அவை கையாளப்படுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

கருதுகோளையே எடுத்துக்கொள்வோம். "சங்க காலத்தில் பெண்கள் உயர்ந்த நிலையில் வாழ்ந்தனர் என்பது இவ்வாய்வின் கருதுகோள்" என்ற வாக்கியத்தைச் சிறுசிறு மாற்றங்களுடன் பல வரைவுகளில் கண்டிருக்கிறேன். கருதுகோள் என்பது சோதனைக்கு உட்படுத்துவதற்காக முன்வைக்கப்படும் ஊகம். எத்தகைய சான்று கிடைத்தால் அது வீழ்ந்துவிடும் என்பதை ஆய்வாளர் தொடக்கத்திலேயே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். 'உயர்ந்த நிலை' என்று இங்கே குறிப்பது கல்வியையா, சொத்துரிமையையா, துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையையா, கணவன் இறந்த பின்னரும் மதிப்போடு வாழ்வதையா? இந்த வரையறை இல்லாத இடத்தில் கையில் கிடைக்கும் பாடலெல்லாம் ஆதரவாகிவிடும். எதிராக நிற்கக்கூடிய பாடல் எது என்பது யாருக்கும் தெரியாது. நெறியாளர்கள் முதல் ஆண்டிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும்வரை அதைத் தள்ளிப்போடுவது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து வருவது சான்று. ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெண்பாற் புலவர்களின் பெயர்கள் வரிசையாகத் தரப்பட்டு, "ஆகவே சங்க காலப் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தனர்" என்று முடிக்கப்படுகிறது. சான்று மெய்தான், முடிபும் ஒருவேளை மெய்யாக இருக்கலாம். ஆனால், பாடல் புனையும் ஆற்றல் பெற்ற சிலரின் இருப்பு அக்காலப் பெண்கள் எல்லோருடைய பொதுநிலையையும் காட்டும் என்பதை யார் நிறுவினார்கள்? அந்த இணைப்பை ஆய்வேடு எழுதாமலே கடந்துவிடுகிறது. 1958ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஸ்டீபன் டூல்மின் என்ற மெய்யியலாளர், சான்றிலிருந்து முடிபுக்குச் செல்ல நமக்கு உரிமை தரும் இந்த இணைப்பைத் தனி உறுப்பாகப் பிரித்துக் காட்டினார்.

இதே அக்கறையை மணிமேகலையின் 29ஆம் காதையிலும் காண்கிறோம். காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு, வாதம் செய்யும் முறையாகிய அளவையியலை விரிவாக உரைக்கிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைத்து ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகையைச் சுட்டிக்காட்டியதோடு வாதம் முடிந்துவிடுவதில்லை. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். இத்துடன் நில்லாமல், ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றுவனவற்றையும் அக்காதை அசித்தம் (தானே நிறுவப்படாத ஏது), அநைகாந்திகம், விருத்தம் (முடிபுக்கு மாறானதையே நிறுவும் ஏது) என மூன்றாக வகுக்கிறது. இவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவ வேண்டியதற்கும் அதன் மறுதலைக்கும் ஒருசேரப் பொருந்திவிடும் ஏது. பெண்பாற் புலவர்களின் இருப்பு அத்தகையதே. பெண்கள் பொதுவாக ஒடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்திலும் சில பெண்கள் புலவர்களாக விளங்கியிருக்க முடியும்.

இதற்குப் புறநானூற்றின் 246ஆம் பாடலைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த அவன் மனைவி பெருங்கோப்பெண்டு, நெய் தீண்டாத சோற்றுத் திரளையும் எள் விழுதுடன் புளியிட்டு வெந்த வேளைக்கீரையையும் உண்டு, பருக்கைக் கற்கள் மேல் பாயின்றிப் படுக்கும் கைம்பெண்களுள் ஒருத்தியாக வாழத் தாம் உடன்படுவதில்லை என்கிறார். உயர்நிலைக்குச் சான்றாக எண்ணப்படும் புலவர் வரிசையில் இவரும் ஒருவர். அவர் சொல்லும் செய்தியோ அந்த முடிபுக்கு நேர் எதிரானது. பெயரை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுப் பாடலை விட்டுவிடும் ஆய்வை நேர்மையான ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்ச்சான்றை எங்கே வைப்பது என்பதற்கு நம்மிடம் முன்மாதிரிகள் உண்டு. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், அதாவது கொள்கையைக் கையாளும் முறைகளுள், உடன்படலும் மறுத்தலும் மட்டுமன்றி, பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலும் இடம்பெறுகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. நம் ஆய்வேடுகளில் மாற்றுக்கருத்து பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது.

காரணம் கூறும் ஆய்வுகளில் இந்தக் கவனம் இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. சென்னையின் தெற்கிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியதால்தான் 2015 டிசம்பரில் வேளச்சேரி மூழ்கியது என்ற கூற்றில் உண்மையின் பெரும்பகுதி உண்டு என்று நம்புபவன் நான். எனினும் சதுப்புநிலம் சுருங்கியது ஒரு தரவு, வெள்ளம் வந்தது மற்றொரு தரவு. அதே டிசம்பர் முதல் நாளையொட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது என்பது மூன்றாவது தரவு. அது ஒரு போட்டி விளக்கத்தையும் உடன் கொண்டுவருகிறது. ஆய்வாளர் எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்குச் சென்று பழைய நில அளவை ஆவணங்களைத் தேடி, நீர் வடிந்த வழிகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரில் பெய்த மழையில் அதே பகுதிகளில் எந்த அளவுக்கு நீர் நின்றது என்பதையும் பார்த்த பின்னரே, சதுப்புநிலத்தின் சுருக்கம் வெள்ளத்திற்கு முழுக் காரணமா, காரணங்களுள் ஒன்றா, அல்லது வந்த வெள்ளம் வடியாமல் நீடித்ததற்கு மட்டும் காரணமா என்று பிரித்து எழுத முடியும். மூன்றும் வெவ்வேறு முடிபுகள். மூன்றுக்கும் வேண்டிய சான்றுகளும் வெவ்வேறானவை.