ராஜாக்கள் ஏன் வேறு வழியில் போனார்கள்?

இயேசு பிறந்த நிகழ்வை நற்செய்தியாளர் லூக்கா இரண்டே வசனங்களில் சொல்லி முடித்துவிடுகிறார். பேறுகாலம் வந்தது, பிள்ளை பிறந்தது, துணியில் சுற்றினார்கள், விடுதியில் இடமில்லாததால் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள், அவ்வளவுதான். அடுத்த வசனத்திலேயே கதை வயல்வெளிக்கும் இடையர்களுக்கும் போய்விடுகிறது. அந்த இரண்டு வசனங்களை என் நான்கரை வயது மகளுக்குச் சொல்லி முடிக்க எனக்குச் சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுவதும் போதவில்லை.

வானதூதர் வந்து பேசியதையோ விண்மீன் வழிகாட்டி நடந்து போனதையோ அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டாள். பெரியவர்களாகிய நாம் தயங்கி நிற்கும் இடங்கள் அவை. அவளோ அவற்றைத் தாண்டி வந்து, நாம் ஒருநாளும் நின்று பார்க்காத இடங்களில் உட்கார்ந்துகொண்டாள். பிறந்த பாப்பாவைக் குளிப்பாட்டியது யார், அந்த அம்மாவுக்குச் சாப்பாடு யார் கொடுத்தார்கள், மரியாளின் கணவர் சூசையப்பர் எங்கே படுத்துக்கொண்டார் என்பன போன்ற குடும்பக் கேள்விகள்தான் அவளுடையவை.

எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. குடில் கட்டும் பொறுப்பு என் அம்மாவுடையது. கூரைக்குப் பனையோலை, தரைக்குக் கடற்கரை மணல், மலைக்குச் சாயம் பூசிய சிமெண்டுத் தாள், புல்வெளிக்குத் தட்டில் முளைக்கவைத்த கேழ்வரகு என்று எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரு கணக்கு உண்டு. சுரூபங்கள் அவருடைய கலியாணத்துக்கு அடுத்த வருடம் வாங்கியவை. பழைய நூல் புடவைக் கிழிசல்களில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டியில் பதினோரு மாதம் தூங்கும். ஓர் ஒட்டகத்துக்குக் கால் உடைந்துவிட்டதால் அது எப்போதும் மலையில் சாய்ந்தபடியே நிற்கும். மாட்டுக்கு ஒற்றைக் கொம்புதான். கூரைமேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டும் வழக்கத்தை மட்டும் நான் பல முறை எதிர்த்துப் பார்த்துவிட்டேன். பெத்லகேம் கடல்மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே சில குளிர்காலங்களில் பனி விழுவது உண்மைதான் என்றாலும், பனையோலைக் கூரையில் பனிக்கட்டி எப்படி வரும் என்ற என் கேள்விக்கு, பனிமய மாதா ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாயே என்று அம்மா வாயை அடைத்துவிடுவார்.

மகள் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது குழந்தையை அல்ல, ஒற்றைக் கொம்பு மாட்டை. தொட்டியைக் காட்டி இதில்தான் பாலன் படுத்திருப்பார் என்று அம்மா சொன்னதும், "அப்ப மாடு எதுல சாப்பிடும், அம்மாச்சி?" என்று கேட்டாள். மாடு விட்டுக்கொடுத்துவிட்டது என்றார் அம்மா. "மாட்டுக்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்பது அடுத்த கேள்வி. அம்மா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கேழ்வரகு முளைகளைக் கொத்தாகப் பிடுங்கி மாட்டின் வாயருகே குவித்துவிட்டாள். பார்த்துப் பார்த்துத் தண்ணீர் தெளித்து வளர்த்த புல்வெளியின் நடுவே பெரிய வழுக்கை விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொழுவத்தில் மாடு இருந்ததாக லூக்காவும் சொல்லவில்லை, மத்தேயுவும் சொல்லவில்லை. தீவனத் தொட்டி இருந்தது என்பதுதான் செய்தி. மாடும் கழுதையும் பழைய ஏற்பாட்டிலுள்ள எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்தவை; தன் உடைமையாளனை மாடு அறியும், தன் தலைவனின் தீவனத் தொட்டியைக் கழுதை அறியும் என்று அங்கே வருகிறது. ஆனாலும் 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைப் பேழைகளில் அவற்றைச் செதுக்கிவிட்டார்கள். அவற்றுள் சிலவற்றில் தாயும் இல்லை, சூசையப்பரும் இல்லை. துணி சுற்றிய குழந்தையும் மாடும் கழுதையும் மட்டுமே இருக்கின்றன. மாட்டை முதலில் எடுத்த என் மகளை அந்தச் சிற்பிகள் கண்டித்திருக்க மாட்டார்கள்.

குடில் வழக்கத்தைப் பரப்பியவராக நாம் கொண்டாடும் அசிசியின் பிரான்சிஸ், 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் வைக்கோல் பரப்பிய தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவரச் செய்தார். பிறந்த குழந்தைக்கு என்னென்ன இல்லாமல் போயிற்று, அது எப்படி வைக்கோலில் கிடந்தது என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அழகுக்காக வைத்ததல்ல அந்தக் குடில். குறையைப் பார்ப்பதற்காக வைத்தது. அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் அந்த வைக்கோலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறார்: விழா முடிந்ததும் அதைப் பத்திரப்படுத்தினார்கள், பிறகு சுற்றுவட்டாரத்தில் நோயுற்ற கால்நடைகள் அதைத் தின்று குணமடைந்தன. இதை அன்று இரவே மகளிடம் சொன்னேன். கடைசியில் மாடு சாப்பிட்டுவிட்டது என்று கேட்டபிறகுதான் அவள் குழந்தைச் சுரூபத்தைத் தொட்டியில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தாள். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்னால் பாலனை வைக்கக் கூடாது என்று அம்மா உடனே எடுத்துவிட்டார் என்பது வேறு கதை.

குளிப்பாட்டியது யார் என்ற கேள்விக்கும் பழைய பதில் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, திருமுறையில் சேர்க்கப்படாமல் போன யாக்கோபின் முதல் நற்செய்தியில், சூசையப்பர் மரியாளைக் குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடிப் போகிறார். மரியாளைக் கழுதைமீது ஏற்றிக்கொண்டு போனதாகச் சொல்வதும் அந்த நூல்தான். கீழைத் திருச்சபைகளின் பிறப்புப் படங்களில் கீழ்மூலையில் இரண்டு பெண்கள் குழந்தையைத் தொட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி தண்ணீரின் சூடு பதமாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பதாகக்கூட வரைந்திருப்பார்கள். என் மகள் கேட்டதை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். விண்மீனைப் பார்த்து வந்து குழந்தைக்குக் காணிக்கை கொடுத்த ராஜாக்கள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லாமல் விட்டதால், ரோமின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் ஓரிடத்தில் இருவரும் இன்னோரிடத்தில் நால்வரும் வருகிறார்கள். காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்பது பிறகு நிலைத்த கணக்கு. ராஜாக்கள் என்பதும் அப்படி வந்ததே. மத்தேயு அவர்களை ஞானிகள் என்றுதான் சொல்கிறார்.

நற்செய்தியாளர்கள் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் நாம் இப்படி மாடு, கழுதை, மருத்துவச்சி, கிரீடம், பஞ்சு என்று நிரப்பிவைத்திருக்கிறோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நற்செய்தியில் தெளிவாக எழுதியிருக்கும் ஒன்றை மட்டும் பிள்ளைகளிடமிருந்து கவனமாக ஒளித்துவிடுகிறோம். அது எனக்கு உறைத்தது, ராஜாக்கள் திரும்பிப் போவதைப் பற்றிச் சொன்னபோதுதான். படங்கள் நிறைந்த சிறுவர் பதிப்பு ஒன்றிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஞானிகள் காணிக்கை கொடுத்தார்கள், வணங்கினார்கள், மகிழ்ச்சியோடு வேறு வழியாய்த் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள் என்று எழுதி, புத்தகம் முடிந்துவிட்டது.

"ஏன் வேற வழி?" என்றாள்.

வேறு எந்தக் கேள்விக்கும் நூலகம் தேட வேண்டியிருந்தது. இதற்கு மட்டும் மத்தேயு நற்செய்தியிலேயே, அடுத்த வரியிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் சிறுவர் பதிப்பு வெட்டி எறிந்திருந்தது. வழியைச் சும்மா அழகுக்காக யாரும் மாற்றுவதில்லை என்பது பள்ளிக்கூட வேனில் போய்வரும் பிள்ளைக்குத் தெரியும். வேன் வேறு வழியில் போனால் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். நான் புத்தகத்தை மூடிவிட்டு ஏரோதுவைப் பற்றிச் சொன்னேன். ஒரு ராஜா இருந்தார், தன்னுடைய நாற்காலியைப் பிறர் எடுத்துக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம், அதனால் இந்தப் பாப்பாவைத் துன்புறுத்த நினைத்தார், சூசையப்பருக்குக் கனவில் செய்தி வந்தது, இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார் என்று சொன்னேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்றார். அவரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் திருச்சபையே இதை நாள்காட்டியில் ஒளிக்கவில்லை. டிசம்பர் 28, வீட்டில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் தீர்வதற்கு முன்பே, ஏரோதுவின் ஆணையால் பெத்லகேமில் கொல்லப்பட்ட மாசற்ற குழந்தைகளின் விழா வந்து நிற்கிறது. அன்றைய திருப்பலியில் வாசிக்கப்படுவதும் இந்தப் பகுதிதான். ஏரோதுவைப் பற்றி விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் பெத்லகேம் குழந்தைகளைப் பற்றி எதுவும் குறிப்பிடவில்லை என்பதால், இது நடந்ததா என்று வாதிடுகிற அறிஞர்கள் உண்டு; தன் சொந்த மகன்கள் மூவரையே ஏரோது கொல்லச் செய்தான் என்பதை யோசேபுஸ்தான் எழுதியிருக்கிறார் என்பதும் உண்மை. அந்த வாதத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை. பயத்தை வெட்டி எடுத்துவிட்ட கிறிஸ்துமஸ் கதையில் அந்தக் குடும்பம் எங்கேயும் போவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

குழந்தைகள் கொல்லப்பட்டதை நான் சொல்லவில்லை. நான்கரை வயதுக்கு அது வேண்டாம் என்ற முடிவை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவள் அங்கேயும் தானாக வந்துவிட்டாள். சூசையப்பர் தப்பிப் போனார் என்றதும் கொஞ்ச நேரம் ஆட்டுக்குட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள், "அந்தத் தெருவுல இருந்த மத்த பாப்பாங்ககிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டாள். யாரும் சொன்னதாக எழுதவில்லை என்றேன். சம்மனசு, அதாவது வானதூதர், ஏன் ஒரு வீட்டில் மட்டும் சொன்னது என்று மறுபடியும் கேட்டாள். இறைவாக்கினர் எரேமியாவின் வாக்கை எடுத்துக்காட்டி, தன் பிள்ளைகளுக்காக இராகேல் அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று எழுதுகிற மத்தேயுவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அதை அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அடுத்த தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். சொந்தம் இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. 1983 முதல் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல அவருடைய குடும்பமும் 1990இல் தலைமன்னார்ப் பக்கமிருந்து கடலைக் கடந்து தனுஷ்கோடிக் கரையில் இறங்கியது. அவர் அப்போது கைக்குழந்தை. கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க வந்தவரிடம், பேச்சுவாக்கில் அம்மா என்னைப் பற்றிப் புகார் சொன்னார். அத்தை சிரித்துவிட்டு, நானும் அப்படி ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைதானே என்றார். மகள் உடனே அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

"கழுதையிலயா வந்தீங்க?"

"இல்லை பிள்ளை, வள்ளத்துல."

"உங்களுக்கு யாரு சொன்னா? சம்மனசா?"

அத்தை யோசித்துச் சொன்னார்: "எங்கட அம்மா சொல்லுவா, பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி வந்து கதவைத் தட்டினவவாம். மீன் விக்கிறவ. எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிப்போட்டுத்தான் தன்ர வீட்டுக்குப் போனவவாம்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை, அதிரசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை குடிலில் புதிதாக ஓர் ஆள் நின்றது. எங்கள் பகுதித் திருவிழாக் கடையில் வாங்கிய, தலையில் கூடை வைத்த பிளாஸ்டிக் பெண் பொம்மை. கூடையில் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்குச் சாயம் போயிருந்தது. இது யார் என்று கேட்டதற்கு, மீன்காரம்மா, எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்வதற்கு வந்திருக்கிறார் என்று விளக்கம் வந்தது. அம்மா இரண்டு முறை அதை எடுத்து அலமாரியில் வைத்தார், இரண்டு முறையும் அது திரும்பிவந்தது. மூன்றாம் முறை அவர் எடுக்கவில்லை. ராஜாக்களைவிட இரண்டு மடங்கு உயரமாக இருக்கிறதே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே, அதன் கால் மணலில் நிலையாக நிற்பதற்காக அடியில் ஒரு கல்லை வைத்தார். மூன்று ராஜாக்கள் திருநாள்வரை மீன்காரம்மா அங்கேயேதான் நின்றார்.