எந்த வருஷத்து ஆறு?

மெய்ப்புத் தாள் என் மேசைக்குத் திரும்பி வந்தபோது ஆற்றின் மேல் பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் பதிப்பாசிரியரின் சாய்ந்த கையெழுத்தில், "எந்த வருஷத்து ஆறு?" என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினேப்பர் ஆறு. உக்ரைனின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடிக் கருங்கடலில் கலக்கிற ஆறு. 1943 இலையுதிர்காலத்தில் அதைக் கடக்கச் சோவியத் யூனியனின் படையான செஞ்சேனையும், கடக்க விடாமல் தடுக்க ஜெர்மன் படையும் மோதிய கதைதான் அந்த அத்தியாயம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் உலகப் போர் பற்றிய ஒரு தமிழ் நூலுக்கு மேப் போட்டுத் தரும் வேலை எனக்கு வந்திருந்தது. இன்றைய செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, இரு கரைகளையும் பிசகாமல் ஒட்டி வரைந்து, நீலம் நிரப்பி, மேலே சிவப்பு அம்புகளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். சுத்தமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் அறைக்குப் போனேன். "உட்காருங்க தம்பி" என்றார். ஸ்கேலை நீட்டி, "தண்ணியோட அகலத்தை அளந்து பாருங்க" என்றார். அளந்தேன். மேப்பின் அளவைப்படி பல கிலோமீட்டர் வந்தது. "ஒரு மீன்பிடிப் படகுல, இருட்டுல, எதிர்க்கரையில துப்பாக்கியோட ஆள் நிக்கும்போது நாலு பேர் இதைத் தாண்டினாங்கன்னு பக்கத்துப் பக்கத்துல எழுதியிருக்கோமே, படிச்சீங்களா?"

படிக்கவில்லை. மேப் போடுகிறவன் ஊர்ப் பெயர்ப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். அன்றோடு அந்த வழக்கத்தை விட்டேன்.

நடந்தது இதுதான். 1943-இல் தினேப்பரின் குறுக்கே இருந்தது ஒரே ஒரு பெரிய அணை, தெற்கே ஸப்போரிஷியாவில். போருக்குப் பிறகு வரிசையாக அணைகள் எழுந்தன. 1950-களில் ககோவ்கா, அப்புறம் கிரெமென்சுக், 1960-களில் கீவுக்கு வடக்கே ஒன்று, 1970-களில் கானிவ். ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நிற்கும் ஏரிகளாக மாறிவிட்டது. போரின்போது சில நூறு மீட்டர் அகலமாக இருந்த இடங்கள் இன்று கடல்போலக் கிடக்கின்றன. அணையில் தேங்கிய தண்ணீரை வரைந்துவிட்டு, அதன்மேல் முப்பது வருஷம் முந்தைய சண்டையின் அம்புகளைப் போட்டிருக்கிறேன். படகுகள் இறங்கிய கரையே என் மேப்பில் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

சரி, முதலிலிருந்து தொடங்கினேன். அணைகளுக்கு முந்தைய பழைய நிலவரைபடங்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தாளையும் பக்கத்துத் தாளோடு ஒட்டி, ஒரே உயரத்து இடங்களை இணைக்கிற சமஉயரக் கோடுகளைச் சுட்டெலி பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தேன். இரண்டு வாரம் பிடித்தது. கீவுக்குத் தெற்கே புக்ரின் என்ற இடத்தில் ஆறு ஒரு வளைவு வளைகிறது. அங்கே வந்ததும் வேலை அப்படியே நின்றுவிட்டது. இடது கரையில் கோடுகளே இல்லை, சமதரை, மணல், சதுப்பு. வலது கரையிலோ ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இடைவெளி விட முடியாத அளவுக்கு நெருக்கம். கரையே ஒரு மதில். அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஓடைப் பள்ளங்கள், கைரேகை போலக் கிளைவிட்டு ஓடுகின்றன. மேற்கே ஜெர்மானியர் உயரத்தில், கிழக்கிலிருந்து வருகிறவன் பள்ளத்தில். ஹிட்லர் தன் படையை இந்த ஆற்றுக்குப் பின்வாங்க விட்டதன் காரணம் எனக்கு எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கோடுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஜூலையில் கூர்ஸ்க் சண்டை, ஆகஸ்ட் 23-இல் கார்க்கிவ் செஞ்சேனையின் கைக்கு வந்தது, செப்டம்பர் நடுவில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் படைகள் தினேப்பரை நோக்கிப் பின்வாங்கத் தொடங்கின. போகிற வழியில் ஊர்களைக் கொளுத்தி, கால்நடைகளை ஓட்டிக்கொண்டு, மக்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கீவ், கானிவ், செர்காசி, கிரெமென்சுக், நீப்ரோபெத்ரோவ்ஸ்க் என்று கடக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அவர்கள் அக்கரை போய்ப் பதுங்குகுழி வெட்டிக்கொள்வதற்குள் நாமும் கடந்துவிட வேண்டும் என்பதுதான் சோவியத் தலைமையின் அவசரம். ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் இடம் பிடிப்பவர்களுக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான சோவியத் யூனியன் வீரர் பட்டத்துக்குப் பரிந்துரை செய்யலாம் என்று செப்டம்பர் 9-இல் உத்தரவு போனது. கடைசியில் இந்த ஒரு ஆற்றுக்காக மட்டும் சுமார் 2,400 பேர் அந்தப் பட்டம் பெற்றார்கள். பெற்றவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை.

ஓடி வந்த வேகத்தில் மிதவைப் பாலங்களை ஏற்றிய லாரிகள் வெகுதூரம் பின்தங்கிவிட்டன. முன்னால் வந்தவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டுக் கதவு, வேலிக் கட்டை, காலிப் பீப்பாய், மீனவர் மூழ்கடித்து ஒளித்துவைத்திருந்த படகு, எது கிடைத்ததோ அதில் இறங்கினார்கள். சிப்பாயிடம் ஒரு படுதா இருக்கும். மழைக்குப் போர்வை, இரவுக்குக் கூடாரம். அதற்குள் வைக்கோலைத் திணித்து, வாயை இறுகக் கட்டினால் கொஞ்ச நேரம் மிதக்கும். துப்பாக்கியை அதன்மேல் வைத்து, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, மறுகையால் நீந்த வேண்டும். செப்டம்பர் கடைசி, தண்ணீர் குளிர்ந்துவிட்ட காலம். வைக்கோல் முழுவதும் நனைவதற்குள் அக்கரை வந்துவிட வேண்டும்.

பதிப்பாசிரியர் சொன்ன அந்த நாலு பேருக்குப் பெயர் உண்டு: வசீலி இவனோவ், நிக்கொலாய் பெத்துகோவ், இவான் செமியோனோவ், வசீலி சிசொல்யாத்தின். செப்டம்பர் 21-க்கும் 22-க்கும் இடைப்பட்ட இரவில், உள்ளூர்க் கெரில்லா வீரர் ஒருவர் வழிகாட்ட, ஸருபின்ட்சி கிராமத்துப் பக்கம் படகில் கரையேறினார்கள். வேண்டுமென்றே சுட்டுச் சத்தம் கிளப்பி ஜெர்மானியர் கவனத்தைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய படைப்பிரிவு வேறு இடத்தில் ஆற்றைக் கடந்தது. நாலு பேருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. மேப் வரைகிற கோரல் ட்ரா மென்பொருளில் ஒரு அம்பு போட எனக்கு மூன்று விநாடி ஆகும். அந்த அம்பைப் போட்டுவிட்டு அன்று மதியம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

செப்டம்பர் முடிவதற்குள் வலது கரையில் இப்படி 23 இடங்களில் செஞ்சேனை காலூன்றிவிட்டது. இந்த இடங்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சு. ‘பாலமுனை’ என்று அகராதியில் இருக்கிறது, ஆனால் பாலமே இல்லாத இடத்தில் அது வாசகனைக் குழப்பும். ‘காலூன்றிய நிலம்’ என்றே வைத்துக்கொண்டோம். இன்னொரு திருத்தமும் செய்தோம். மூலப் பிரதியில் ‘ரஷ்யப் படை’ என்று இருந்ததை எல்லா இடத்திலும் ‘செஞ்சேனை’ ஆக்கினோம். ரஷ்யரோடு உக்ரைனியர், கசாக்கியர், ஜார்ஜியர், தாத்தாரியர் எல்லோரும் அந்தத் தண்ணீரில் இறங்கினார்கள். புக்ரினுக்கு முதலில் வந்த டாங்கிப் படையின் தளபதி ரிபால்கோவே உக்ரைனில் பிறந்தவர். மீட்கப்பட்ட கிராமங்களில் அப்போதுதான் சேர்த்துக்கொண்ட உக்ரைனிய ஆண்களைச் சீருடைகூடக் கொடுக்காமல், போதிய பயிற்சியும் இல்லாமல் சண்டையில் இறக்கியதும் நடந்தது. வீட்டில் போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு போனதால் ‘கறுங்கோட்டுக்காரர்கள்’ என்று அவர்களைச் சொல்கிறார்கள். ‘ரஷ்யப் படை’ என்று எழுதினால் இவர்களும் அதற்குள் காணாமல் போய்விடுவார்கள்.

செப்டம்பர் 24 இரவு பாராசூட் படையை இறக்கினார்கள். நான் குடை போல ஒரே ஒரு சின்னம் போட்டிருந்தேன். பதிப்பாசிரியர் அதையும் அடித்துவிட்டார். விமான எதிர்ப்புச் சூட்டில் விமானங்கள் தடுமாறி, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரும் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டிவிட்டன. கீழே ஜெர்மன் டாங்கிப் பிரிவுகள் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. பலர் தரையைத் தொடும் முன்பே செத்தார்கள். மிஞ்சியவர்கள் சிறு சிறு குழுக்களாகக் காடுகளில் மறைந்து, நவம்பர் வரை சண்டை போட்டார்கள். ஒரு குடையை எடுத்துவிட்டு, சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தூவினேன். இரண்டு கலர் அச்சில் அந்தப் புள்ளிகள் தூசி மாதிரி தெரிந்தன. அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

புக்ரினிலிருந்து உடைத்துக்கொண்டு கீவுக்குப் போக அக்டோபரில் இரண்டு முறை பெரிய தாக்குதல் நடந்தது. இரண்டும் தோற்றன. நான் இழுத்த அந்த ஓடைப் பள்ளங்களில்தான் டாங்கிகள் சிக்கிக்கொண்டன. ஒவ்வொரு மேட்டிலும் ஜெர்மன் பீரங்கி காத்திருந்தது.

அதற்கு அடுத்த அம்பைப் பார்த்தபோது குறிப்பில்தான் பிழை என்று நினைத்தேன். சிவப்பு அம்பு மேற்கிலிருந்து கிழக்கே, வந்த வழியே ஆற்றைக் கடந்து திரும்பிப் போகிறது. போன் செய்து, "சார், இது தலைகீழா இருக்கு" என்றேன். "இல்ல தம்பி, அதுதான் இந்த அத்தியாயமே" என்றார்.

அக்டோபர் கடைசி வாரத்தில், ரிபால்கோவின் டாங்கிப் படை முழுவதையும் இரவோடு இரவாகப் புக்ரினிலிருந்து கிளப்பினார்கள். இத்தனை பேர் செத்துப் பிடித்த கரையை விட்டு இடது கரைக்குத் திரும்பி, வடக்கே போய், தெஸ்னா ஆற்றைத் தாண்டி, கீவுக்கு வடக்கே லுத்தேஷ் என்ற இடத்தில் மறுபடி தினேப்பரைக் கடந்தார்கள். சுமார் 200 கிலோமீட்டர், மழையிலும் இருட்டிலும். பழைய இடத்தில் பொம்மை டாங்கிகளை நிறுத்திவைத்தார்கள். நவம்பர் 1-இல் புக்ரினிலேயே மறுபடி தாக்குவதுபோலத் தாக்கினார்கள். ஜெர்மானியர் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்க, நவம்பர் 3-இல் லுத்தேஷிலிருந்து நிஜத் தாக்குதல் கிளம்பியது. நவம்பர் 6 விடிகாலையில் கீவ் விடுபட்டது.

லுத்தேஷ் காடும் சேறுமான தாழ்நிலம். பெரிய டாங்கிப் படை அங்கிருந்து வரும் என்று ஜெர்மானியர் எதிர்பார்க்கவில்லை. ரிபால்கோவுக்கு முன்பே அங்கே முதலில் போய்ச் சேர்ந்த டாங்கிகள் தெஸ்னாவைக் கடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அக்டோபர் தொடக்கம், பாலம் இல்லை, ஆழம் இரண்டு மீட்டர் இருக்கும். டி-34 டாங்கியின் இடுக்குகளை எல்லாம் கிரீஸ் தடவிய சணலாலும் தார்ப்பாயாலும் அடைத்து, புகைபோக்கிக்கு மேலே குழாய் நீட்டி, கீழ் கியரில் ஊர்ந்து தண்ணீருக்குள் இறங்கினார்கள். உள்ளே இருக்கும் டிரைவருக்கு எதுவும் தெரியாது. மேலே கோபுரத்தில் நிற்கிற கமாண்டர் சொல்கிற திசைதான். நிறுத்தினால் இன்ஜினுக்குள் தண்ணீர் வந்துவிடும், நிறுத்தவே கூடாது. பெரும்பாலான டாங்கிகள் ஏறிவிட்டன. என் மேப்பில் அந்த இடம் அரை மில்லிமீட்டர்.

இதெல்லாம் போடும்போதே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கீவின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் ஜெர்மானியர் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். செஞ்சேனை நெருங்கி வருவதைக் கண்டு, 1943 ஆகஸ்ட், செப்டம்பரில் கைதிகளைக் கொண்டு அந்த உடல்களைத் தோண்டி எரித்து, தடயத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் தங்களையும் கொல்வார்கள் என்று தெரிந்த கைதிகள் செப்டம்பர் 29 இரவில் உடைத்துக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தவர்கள் ஒரு சிலர்தான். அதே வாரத்தில் கொஞ்சம் தெற்கே மற்றவர்கள் வைக்கோல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தார்கள். படை நகர்வுக்கான குறியீட்டுப் பட்டியலில் இதற்கு ஒரு சின்னமும் இல்லை. கீவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சதுரம் போட்டு, பெயரை மட்டும் எழுதினேன். கேட்காமலேயே போட்டேன். பதிப்பாசிரியர் எதுவும் சொல்லாமல் டிக் அடித்து அனுப்பிவிட்டார்.

கடைசிப் பிரதியில் 1943-இன் ஆற்றை முழு நீலத்தில் போட்டு, இன்றைய நீர்த்தேக்கங்களின் கரையைப் புள்ளிக்கோட்டால் காட்டினேன். நாலு பேர் கரையேறிய ஸருபின்ட்சி அந்தப் புள்ளிக்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. கானிவ் அணை நீர் அந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

புத்தகம் வந்து வருஷங்கள் ஓடின. 2023 ஜூன் 6-இல், இன்னொரு போரின் நடுவே, ககோவ்கா அணை உடைந்தது. நீர்த்தேக்கம் வடிந்துகொண்டே போவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தேன். கரையோர ஊர்கள் மூழ்கிய செய்தி மனதைப் பிசைந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒரு இரவு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அந்த நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த நிக்கொபோல் பக்கத்து மேப்பைத் திறந்தேன். 1944 பிப்ரவரி வரை ஜெர்மானியர் இடது கரையில் பிடித்து வைத்திருந்த பகுதி அது. புதுப் படத்தை அடியில் போட்டு, என் நீலக் கோட்டை மேலே வைத்தேன். சேற்றுக்கு நடுவே பழைய ஆறு தன் தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வளைவுகள், கிளை வாய்க்கால்கள், தீவுகள், அநேகமாக எல்லாமே என் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. பதிப்பாசிரியருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: "நம்ம வருஷத்து ஆறு."