நாவூவில் இரண்டு இரவுகள்

ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டு 4 ஆண்டுகள் கழிந்த பிறகு, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் நாவூ என்ற சிற்றூருக்கு, என் முதல் உடன் ஊழியருடன் சென்று இரண்டு இரவுகள் தங்கி வந்தேன். உலகம் மார்மன்கள் என்று அழைக்கும் எங்களுக்கு, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறையேனும் சென்றாகவேண்டும் என்று விதிக்கப்பட்ட தலம் எதுவும் இல்லை. இருந்தும் சபையின் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்கள் சால்ட் லேக் நகரத்தைக் காண ஆசைப்படுவார்கள். அது ஆதிப் பரிசுத்தவான்கள் வந்துசேர்ந்த இடம். எனக்கு அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. 18 மாத ஊழியத்தில் நான் ஐந்து ஊர்களிலிருந்து விடைபெற்றேன். அவற்றுள் ஒன்றிலிருந்தேனும் மனம் ஒப்பி வெளியேறினேன் என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் ஊழிய வாழ்க்கையை அறியாதவர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் 18 மாதங்களும், சபை அனுப்பும் ஊருக்குச் சென்று முழுநேர ஊழியம் செய்கிறார்கள். எங்கே போவது, யாருடன் தங்குவது என்பவற்றை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எப்போதும் இருவராகவே இருப்பார்கள். உடன் ஊழியரை விட்டுத் தனியே கடைக்குக்கூடப் போவதில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். ஒன்று நீங்கள் போகவேண்டியிருக்கும், அல்லது உங்களோடு இருப்பவர் போகவேண்டியிருக்கும், இரண்டும் இல்லையென்றால் அடுத்த ஆறு வாரங்களுக்கு அந்தப் பேச்சு இல்லை. ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைப்பதும் வழக்கமில்லை. ஆண்களுக்கு எல்டர், பெண்களுக்குச் சகோதரி, அதனோடு குடும்பப் பெயர், அவ்வளவுதான். என்னைப் பயிற்றுவித்த அந்த முதல் உடன் ஊழியருடன் 12 வாரங்கள் இரவும் பகலும் ஒரே அறையில் இருந்தேன். பின்னாளில் அவருடைய திருமண அழைப்பிதழில் முதற்பெயரைக் கண்டபோது அது வேறு யாருடையதோ என்று தோன்றியது. இன்றும் அவர் எனக்குச் சகோதரிதான்.

அந்தச் சகோதரி முதல் இரவே எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். புதிய ஊருக்கு வந்தவுடன், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, வெறும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடவேண்டும். ஆறு வாரத்தில் கிளம்பிவிடுவோமே என்று பெட்டியிலிருந்தே துணியை எடுத்து உடுத்துகிறவள், அந்த ஆறு வாரமும் கிளம்பிக்கொண்டேதான் இருப்பாள் என்பது அவருடைய வாதம். முதல் இரண்டு ஊர்களில் அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டாவது ஊரில், எங்களோடு அமர்ந்து மூன்று மாதங்களாக எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை வாசித்துவந்த ஒரு முதிய பெண்மணி, ஞானஸ்நானம் பெறுவதற்கு நாள் குறித்திருந்தார். அந்த நாளுக்கு ஒன்பது நாட்கள் முன்பு எனக்கு மாற்றல் வந்தது. கடைசியாக அவருடைய வாசலில் நின்றபோது, போகிறேன் என்று சொல்ல மனம் கூசியது. போய் வருகிறேன் என்றாலோ அது பொய். ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பற்றியபடி சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஞானஸ்நானத்தின் புகைப்படம் பிறகு வந்தது. அவருக்குப் பக்கத்தில், எனக்குப் பின் அந்த ஊருக்கு வந்த சகோதரி நின்றிருந்தார். அந்தப் படத்தை வெகுநாட்கள் பொறாமையோடுதான் பார்த்தேன் என்பதை இனி ஒளிப்பதற்கில்லை.

மூன்றாவது ஊரில் நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மனம் வேறிடத்தில் இருக்கும் ஊழியரை ‘டிரங்கி’ என்று எங்களுக்குள் சொல்வோம். பெட்டி கட்டிவிட்டவள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பொதுவாக வீடு திரும்பும் நாள் நெருங்கியவர்களுக்கே அந்தப் பெயர் வரும். எனக்கு அது ஊழியத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. முந்தைய ஊரில் இப்படி இல்லை, முந்தைய ஊரில் இதைவிட நன்றாக இருந்தது என்று நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததை, அப்போதைய உடன் ஊழியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடமைகளைக் குறையின்றிச் செய்தேன். ஆறு வாரமும் கழிந்தது. அந்த ஊரின் தெருப்பெயர் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை.

இந்த நினைவோடுதான் நாவூவுக்கு வந்துசேர்ந்தேன். மிசௌரியிலிருந்து விரட்டப்பட்ட பரிசுத்தவான்கள் 1839இல் இங்கே வந்தபோது, இது காமர்ஸ் என்ற பெயர்கொண்ட, காய்ச்சல் நிறைந்த சதுப்புநிலக் கரை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அதற்கு நாவூ என்று எபிரெயச் சொல்லொன்றைப் பெயராக வைத்தார். ஏசாயா 52ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில், சுவிசேஷகனுடைய பாதங்கள் மலைகளின்மேல் எவ்வளவு அழகாயிருக்கின்றன என்று வருகிறதே, அந்த இடத்தில் உள்ள சொல் அது. ஊழியர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் வசனம் என்பதால் எனக்கு மனப்பாடம். ஆயினும் அதில் அழகென்று சொல்லப்படுவது ஊர் அன்று, ஓரிடத்தில் நில்லாத பாதங்களே என்பதை இந்த ஊரின் பெயர்ப்பலகைக்கு முன் நின்றபோதுதான் கவனித்தேன். 1840களின் நடுவில் ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த இந்த நகரத்தில் இப்போது ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆற்றங்கரைச் சமவெளியில் செங்கல் வீடுகள் பழையபடி சீரமைக்கப்பட்டு நிற்கின்றன. பணி ஓய்வுபெற்ற தம்பதியர் பலர் ஊழியர்களாக வந்து தங்கி, அவற்றைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். மேட்டின்மேல், ஆற்றைப் பார்த்தபடி, சாம்பல் கலந்த வெண்ணிறக் கல்லால் ஆன ஆலயம் நிற்கிறது. எங்கள் ஆலயங்கள் பலவற்றின் உச்சியில், மார்மன் புஸ்தகத்தை ஜோசப் ஸ்மித்துக்குக் காட்டியதாக நாங்கள் நம்பும் மரோனி தூதனின் சிலை இருக்கும்; அது வழக்கமாகக் கிழக்கு நோக்கியிருக்கும். இங்கே அது மேற்கைப் பார்க்கிறது. ஆதிப் பரிசுத்தவான்கள் இந்த ஊரை விட்டுப் போன திசையும் அதுதான்.

அந்த ஆலயத்தின் கதையை முன்பே அறிந்திருந்தும், அந்த மேட்டில் நின்று மறுபடி எண்ணிப் பார்த்தபோது அது வேறுவிதமாகத் தெரிந்தது. 1841 ஏப்ரலில் மூலைக்கற்கள் நாட்டப்பட்டன. 1844 ஜூன் 27 அன்று அருகிலுள்ள கார்த்தேஜ் ஊரின் சிறையில் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரமும் கொல்லப்பட்டார்கள். 1845ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்துக்குள் ஊரை விட்டே போவதென்று முடிவாகிவிட்டது. அதற்குப் பின்னும் ஆலய வேலை நிற்கவில்லை. அந்த டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, கட்டிமுடியாத ஆலயத்தின் மேல்தளத்தில் 5,000க்கும் மேற்பட்டோர் தங்கள் நியமங்களை, அதாவது ஆலயத்தில் நடக்கும் புனிதச் சடங்குகளை, பெற்றார்கள். 1846 பிப்ரவரி 3 அன்று ஜோசப் ஸ்மித்துக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகம் யங், நியமங்களுக்காகக் காத்திருந்தவர்களிடம், இனி நேரமில்லை, புறப்படவேண்டும் என்று கூறி வெளியேறிச் சிறிது தூரம் நடந்துவிட்டு, கூட்டம் கலைந்திருக்கும் என்று திரும்பிப் பார்க்கையில் அவர்கள் அங்கேயே காத்திருக்கக் கண்டு உள்ளே திரும்பினார். அன்று ஒரே நாளில் 295 பேருக்கு நியமங்கள் நடந்தன. மறுநாள் முதல் வண்டிகள் ஆற்றைக் கடக்கத் தொடங்கின. அப்போதும் ஒரு சிறு குழுவினர் பின்தங்கி மிச்ச வேலையை முடித்தார்கள். அவ்வாண்டு மே 1 அன்று அப்போஸ்தலர் ஆர்சன் ஹைட் அதை வெளிப்படையாக அர்ப்பணம் செய்தபோது, கட்டியவர்களில் பலர் ஆற்றுக்கு அப்பால் அயோவாவின் சேற்றில் நடந்துகொண்டிருந்தார்கள். 1848 அக்டோபரில் யாரோ வைத்த தீயில் ஆலயம் எரிந்தது. 1850 மே மாதத்துச் சூறாவளி எஞ்சிய சுவர்களில் ஒன்றையும் சாய்த்தது. இப்போது நாம் காண்பது, 1999இல் அப்போதைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி அறிவித்து, 2002 ஜூன் 27 அன்று அர்ப்பணிக்கப்பட்ட மறுகட்டுமானம்.

சமவெளியில் அப்போஸ்தலர் ஹீபர் கிம்பல் 1845இல் கட்டிமுடித்த வீடும் இருக்கிறது. உறுதியான செங்கல் சுவர்களும் நேர்த்தியான மரவேலையும் கொண்ட அந்த வீட்டில் அவர் குடும்பம் வாழ்ந்தது சில மாதங்கள் மட்டுமே. என்னுடன் வந்த சகோதரி வாசலில் நின்று என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெட்டி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை, எனக்குக் கேட்டது.

அதே கிம்பலைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சி எங்கள் ஊழியர்களிடையே மிகப் பிரபலமானது. 1839 செப்டம்பரில் அவரும் பிரிகம் யங்கும் இங்கிலாந்தில் ஊழியம் செய்யக் கிளம்பியபோது இருவருமே காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யங்கின் மனைவி பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. கிம்பலின் மனைவியும் குழந்தைகளும் நோயில் கிடந்தார்கள். வண்டி சிறிது தூரம் போனதும், இப்படி விட்டுப்போவது தாளாமல், வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒருவரையொருவர் தாங்கியபடி எழுந்து நின்று, தொப்பியைச் சுழற்றி, இஸ்ரவேலுக்கு வெற்றி என்று மூன்று முறை ஆரவாரித்தார்கள். சொல்கிறவர்கள் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குரலைக் கேட்டு, படுக்கையிலிருந்து எழுந்து வாசல்வரை வந்து, சிரித்த முகத்தோடு விடைகொடுத்த அந்த இரண்டு பெண்களிடம்தான் என் மனம் போகிறது. புறப்படுகிறவனுக்கு வழி இருக்கிறது, வேலை இருக்கிறது. வாசலில் நிற்பவர்களுக்கு வாசல் மட்டுமே இருக்கிறது. 2019 பிப்ரவரிக்கு முன்பு ஊழியர்கள் வீட்டாரோடு பேசுவது ஆண்டுக்கு இருமுறைதான். அதன்பின் வாரந்தோறும் பேச அனுமதி வந்தது. அதை எல்லோரும் ஆறுதல் என்றே கருதினார்கள், ஆறுதல்தான். ஆனால் என் அம்மாவுக்கு ஒரு பெரிய பிரிவு எழுபதுக்கும் மேற்பட்ட சிறு பிரிவுகளாக உடைந்து வாரந்தோறும் வந்தது. அழைப்பை முதலில் துண்டிப்பவள் எப்போதும் நானாகவே இருந்தேன்.

அவ்வாறான ஓர் அழைப்பில்தான் பாட்டி இறந்த செய்தி வந்தது. அப்போது நான் நான்காவது ஊரில் இருந்தேன். வீட்டுக்குப் போகவேண்டாம், தங்குகிறேன் என்று ஊழியத் தலைவரிடம் நானே சொன்னேன். வழக்கமாக ஊழியர்கள் அப்படித்தான் செய்வார்கள். அது சரியா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் உறுதியான விடை இல்லை.

இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்ற போதனையை ஜோசப் ஸ்மித் முதலில் வெளியிட்டது இந்த நாவூவில்தான், 1840 ஆகஸ்டில், ஓர் அடக்க ஆராதனையின்போது. முதலில் ஆற்றிலேயே அது நடந்தது. பிறகு ஆலயத்தின் அடித்தளத்தில் தொட்டி அமைத்தார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவருடைய விருப்பம் என்பது எங்கள் நம்பிக்கை. யாரையும் கட்டாயமாக எங்கள் கணக்கில் சேர்ப்பது ஆகாது. பிறந்து 110 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு, மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. பாட்டி எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அம்மா மூன்று ஆண்டுகள் யோசித்தார். இந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்புதான், அவளிடம் நீயே கேட்டுக்கொள் என்று சம்மதம் தந்தார்.

இரண்டாம் நாள் காலையில் ஆலயத்துக்குள் சென்றோம். உள்ளே நடப்பவற்றை வெளியே விரித்துப் பேசுவது எங்கள் வழக்கமல்ல. ஞானஸ்நானத் தொட்டி பன்னிரண்டு எருதுகளின் முதுகில் அமர்ந்திருக்கிறது என்பதையும், எல்லோரும் வெள்ளுடை அணிந்திருப்போம் என்பதையும் மட்டும் சொல்லலாம். 2019 அக்டோபர் முதல் இந்த நியமத்துக்குப் பெண்களும் சாட்சிகளாக இருக்கலாம். ஆகவே சகோதரி சாட்சியாக அமர்ந்தார். நியமத்தை நடத்திய முதியவர் அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரில் தடுக்கி நின்று, வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். நான் மெதுவாக ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். பாட்டியின் முழுப்பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிறகு அவர் அதைத் திருத்தமாக உச்சரித்தார். தண்ணீர் இதமாக இருந்தது. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது. சகோதரி வேறொரு துண்டை எடுத்துக்கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அருகில் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் பார்லி தெரு வழியாக ஆற்றுக்கு நடந்தோம். 1846இல் வண்டிகள் வரிசையாக நின்ற தெரு அது. அன்று புறப்பட்டவர்கள் எழுதிவைத்த சொற்கள் வழிநெடுகப் பலகைகளில் உள்ளன. வெற்றி முழக்கம் அவற்றில் குறைவு. பெருக்கித் துடைத்துவிட்டு வந்த வீட்டையும் கடைசியாகத் திரும்பிப் பார்த்த கோபுரத்தையும் பற்றித்தான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஊழியத்தின் இறுதி நாளில் பிணையத் தலைவர், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளின் தலைவர், என்னை விடுவித்து, கறுப்புப் பெயர்ப்பட்டையைக் கழற்றச் சொன்ன நேரத்தை நான் சகோதரியிடம் சொன்னேன். அதன் பிறகு பல வாரங்கள், தெருவில் தனியே நடக்கும்போதெல்லாம் உடன் ஊழியர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் செய்தாராம். திருமணத்தன்று கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம். தண்ணீரின் ஓரத்தில் தெரு முடிந்துவிடுகிறது. இருட்டும்வரை அங்கே இருந்தோம்.

விடுதி அறைக்குத் திரும்பியபோது, சகோதரி முதல் நாளே தன் துணிகளையெல்லாம் அலமாரியில் அடுக்கி, வெறும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்ததைக் கவனித்தேன். இரண்டு இரவுக்கா என்று கேட்டேன். இரண்டு இரவுக்குத்தான் என்றார். என் பெட்டி நாற்காலியின்மேல் திறந்தபடி கிடந்தது. மறுநாள் விடியுமுன்பே அவருக்கு விமானம். அரைத் தூக்கத்தில் கட்டித் தழுவி விடைகொடுத்தேன். வெளிச்சம் வந்த பிறகு, எதையேனும் மறந்துவிட்டாரா என்று அலமாரியைத் திறந்து பார்த்தேன். கீழ்த்தட்டில், ஆலயத்தில் அணிந்த அவருடைய வெள்ளைக் காலுறைகள் ஒரு ஜோடி, ஒழுங்காக மடித்தபடி இருந்தன. அவற்றை எடுத்து என் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினேன்.